அடுத்த லாரிக்கு ஒரு செய்தி

‘சங்கத் தலைவர் தலைமை தாங்கினார். செயலாளர் வரவேற்றார். பொருளாளர் நன்றி கூறினார்.’ பத்து வருஷம் நான் எழுதிய செய்திகளெல்லாம் இப்படித்தான் இருக்கும். கண் சிகிச்சை முகாமோ மரக்கன்று நடுவதோ, தேதியை மாற்றினால் போதும். ரோட்டரி, அரிமா, ஜேசிஸ் என்று எந்தச் சங்கத்துக்குப் போனாலும் என்னைப் போல ஒரு பி.ஆர்.ஓ. இருப்பார். கொஞ்சம் பிழையில்லாமல் தமிழ் எழுதுவார் என்று தலையில் கட்டியிருப்பார்கள்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையேறியது. நான்காம் நாள் நாங்கள் ஒரு லாரியில் அரிசி, பிஸ்கட், பாய், மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே முறிந்த தென்னையைப் போட்டு மறித்து நின்றார்கள். இறக்கிக் கொடுத்தோம். அடுத்த ஊரிலும் மறியல். மெயின் ரோட்டிலேயே முக்கால் லாரி காலி. உள்ளே இருந்த கிராமத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

அங்கே படம் எடுத்தோம். ஒரு அரிசிப் பையை எங்கள் ஆட்கள் ஆறு பேர் பிடித்துக்கொண்டிருக்க, வாங்குகிற அம்மாள் ஏழாவது ஆளாக ஓரத்தில். பேனர் சுருங்காமல் இருக்க இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். நான் மொபைலைத் தூக்கியதும் அந்த அம்மாள் சொன்னார்: “என்னைய எதுக்குத் தம்பி புடிக்கிறீங்க? போன வாரம் வரைக்கும் எங்க தோப்புல நாலு பேருக்கு நான் கூலி குடுத்துக்கிட்டிருந்தேன்.”

படத்தை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. டவர் கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி நிருபருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு வந்தது. வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பல்களும் பூங்கொத்துகளுமாகக் குவிந்தன.

அந்தச் செய்தி செய்த வேலை பிறகுதான் தெரிந்தது. மெயின் ரோட்டு ஊரின் பெயரைத்தான் அதில் போட்டிருந்தேன். அதைப் பார்த்து இன்னும் இரண்டு ஊர்ச் சங்கங்கள் அதே ஊருக்கு அரிசியோடு போய் இறங்கின. கடைசி வரியாக, ‘துணிமணிகள் அளிக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தை அணுகலாம்’ என்று வழக்கப்படி சேர்த்திருந்தேன். மூட்டை மூட்டையாக வந்தது. பட்டன் இல்லாத சட்டை, சாயம் போன பட்டுப்பாவாடை, யாரோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. சுனாமியின்போது நாகையில் பழந்துணி தெருவில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும் எழுதியிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால், புயலடித்த ஊரில் அந்தச் செய்தியை யார் படித்திருப்பார்கள்? கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கேபிள் டிவி கிடையாது, போனில் சார்ஜ் கிடையாது. பேப்பர் போடுகிற பையன் வீட்டுக்கே கூரை இல்லை. படிக்கிறவர் வெளியூரில் அடுத்த லாரிக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருப்பவர். நிவாரணச் செய்தி அவருக்கு வழிசொல்ல வேண்டும். நாங்கள் என்ன கொடுத்தோம் என்பதில் அவருக்கு என்ன இருக்கிறது?

இரண்டாவது செய்தியை ஆறே வரியில் எழுதினேன். மெயின் ரோட்டில் எங்கே திரும்பி எத்தனை கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். லாரி போகாது, டாட்டா ஏஸ்தான் போகும். அரிசி போதும், தார்ப்பாய் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வேண்டும். பழைய துணி வேண்டாம். இடம் போதாவிட்டால் பத்திரிகை டெஸ்க்கில் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அதனால் ஊர்ப் பெயரை முதல் வரியில் வைத்து, எங்கள் பெயர்களைக் கடைசிக்குத் தள்ளினேன். பி.டி.எஃப். ஆக அனுப்பினால் அங்கே யாராவது உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப்பிலேயே எழுத்தாக, மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் போய்விட்டது. படம், ஆளே இல்லாத காலித் தொட்டி. “ஆள் இல்லாத படமா சார்?” என்று நிருபர் இழுத்தார். பிறகு போட்டார்.

நினைத்தபடியே கடைசி இரண்டு வரி வெட்டுப்பட்டது.

காலை ஏழு மணிக்கு ஒரு பந்தல் காண்ட்ராக்டர் கூப்பிட்டார். கார்த்திகை முகூர்த்தத்துக்கு வைத்திருந்த ஜெனரேட்டர் ஒன்று மூன்று நாள் சும்மா நிற்கிறதாம். டீசல் மட்டும் நாங்கள் ஊற்ற வேண்டும். எந்த இடத்தில் திரும்புவது என்று அவர் கேட்கவே இல்லை. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

அடுத்த செயற்குழுவில் பொருளாளர் பேப்பரைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். “இதுல நம்ம சங்கத்துப் பேரே இல்லையே!” ஜெனரேட்டர் விஷயத்தைச் சொன்னேன். “அது சரி, அதையும் ஒரு படம் எடுத்திருக்கலாமே?” என்றார். ஜூலையில் புதிய நிர்வாகிகள் வந்தபோது பி.ஆர்.ஓ. பொறுப்பு வேறொருவருக்குப் போனது. பிழை திருத்த மட்டும் இப்போதும் எனக்குத்தான் அனுப்புகிறார். தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார், நன்றி கூறினார். ஒற்றுப்பிழை ஏதாவது இருந்தால் திருத்திக் கொடுக்கிறேன்.