கியர்ப்பெட்டி செய்யாத குற்றம்

எமது கொட்டகையில் நிற்கும் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட் கார் எமக்கு மூத்தது. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. 1990களில் பெற்றோல் தட்டுப்பட்ட நாட்களில், சிறிது பெற்றோலை விட்டுக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டி, ஐயா அதனைக்கொண்டு குடும்பத்தைக் காத்தார். அதனை விற்கும் பேச்சு எம் வீட்டில் நெடுங்காலம் எழுந்ததில்லை.

இக்காரின் கியர்த்தடி தரையில் இல்லை. ஸ்ரியறிங் சக்கரத்தின் கீழே தண்டோடு ஒட்டியிருக்கின்றது. சில நாட்களாக அது இறுகத் தொடங்கிற்று. மாமியை வைத்தியசாலையிலிருந்து அழைத்து வந்த ஒரு நாள், வட்டுக்கோட்டைச் சந்தியில் முதலாங் கியரிலே சிக்கிக்கொண்டது. பின்னால் பஸ்சின் ஓசை. உள்ளே மாமியின் முனகல். சினங்கொண்டு தடியை இழுத்தோம், அது அசையவில்லை. அந்தக் கியரிலேயே ஊர்ந்து வீடு சேர்ந்தோம்.

ஒரு கராச்சில், கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டும் என்றார்கள். கூலியைக் கேட்டதும் விற்றுவிடத் துணிந்தோம். வாங்க வந்தவரோ பழைய இரும்பின் விலையைச் சொன்னார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அயலிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். “தம்பி, பலவந்தம் பண்ணாதேயும், முதலிலே கீழே படுத்துப் பாரும்” என்றார்.

எஞ்சின் ஓடாதபோதும் தடி இறுகியே இருந்ததால், கிளச்சின்மேல் குற்றமில்லை என்றார். சக்கரங்களுக்குக் கல் வைத்து, கீழே சென்று, கியர்ப்பெட்டிக்குச் செல்லும் கம்பிகளைக் கழற்றினார். பெட்டியின் நெம்பு கைக்கு இலகுவாக அசைந்தது. மேலேயுள்ள தடி மட்டும் இறுகியே நின்றது. ஆகவே பெட்டியும் குற்றமற்றது. பழுது இடையிலுள்ள மூட்டுகளில் இருந்தது. கிறீஸ் புழுதியோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. புஷ்கள் தேய்ந்து வட்டம் இழந்திருந்தன.

இன்னொரு காரணத்தையும் காட்டினார். ஸ்ரியறிங் தண்டு காரின் உடலோடு பூட்டப்பட்டது. கியர்ப்பெட்டியோ எஞ்சினோடு சேர்ந்து றப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பது. றப்பர் நைந்து எஞ்சின் தாழ்ந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பிகள் நேர்மை இழக்கும்.

மூட்டுகளை மண்ணெண்ணெயிற் கழுவினோம். அன்று காரை ஓட்டிய எண்ணெய் இன்று அதன் அழுக்கைப் போக்கிற்று. பித்தளையிற் புதிய புஷ்கள் கடைந்து பொருத்தினோம், றப்பரை மாற்றினோம், கியரை நடுநிலையில் வைத்துக் கம்பிகளின் நீளத்தைத் திருத்தி, புதுக் கிறீஸ் இட்டோம்.

வேலை முடிகையில் முதியவர் வளைந்த கம்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். “இது தேய்ந்து பழுதானதல்ல, தம்பி, யாரோ இழுத்து வளைத்தது” என்றார். சந்தியில் இழுத்த எமது கையை நாமே பார்த்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு மாமியோடு பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகர் சென்றோம். இரு விரல்களால் தொட்டதும் கியர் மாறிற்று. மாமி ஒன்றும் சொல்லவில்லை, முனகவுமில்லை.