பெட்டியில் ஒட்டிய மூன்றெழுத்து

சிகாகோ மாநகரில் பணிபுரியும் நம் மகனைக் காணச் சென்ற ஆண்டு பயணமானோம். காண்பது மட்டுமே நோக்கமன்று. ஊருக்கே திரும்பிவிடும்படி சொல்லி அவனை அழைத்து வருவதும் உள்ளத்தில் இருந்தது. அதற்கான சொற்களை வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டோம்.

சென்னையில் பெட்டியை ஒப்படைத்தபோது அதில் ‘ஓ.ஆர்.டி.’ என்ற மூன்றெழுத்தை ஒட்டினார்கள். சிகாகோ எனும் பெயருக்கோ, அங்குள்ள ஓஹேர் விமான நிலையத்தின் பெயருக்கோ அது பொருந்தவில்லை. அவன் உம்மா கொடுத்தனுப்பிய தொதலுடன் பெட்டி வேறெங்கோ போய்விடுமோ என்ற கவலை நம்மை விடவேயில்லை.

பெட்டி வந்து சேர்ந்தது. எழுத்தின் வரலாற்றை மகன் சொன்னான். நிலையம் அமைந்துள்ள இடம் முன்னர் ‘ஆர்ச்சர்ட் பிளேஸ்’ எனப்பட்டது; ஆர்ச்சர்ட் என்றால் பழத்தோட்டம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானத் தொழிற்சாலை இயங்கியது. போரில் உயிர்நீத்த கடற்படை விமானி எட்வர்ட் ஓஹேரின் பெயரை நிலையத்துக்கு 1949இல் சூட்டினார்கள். பெயர் மாறியும் பழைய தோட்டத்தின் எழுத்துகள் பயணிகளின் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டு இன்றும் உலகைச் சுற்றி வருகின்றன!

நிலையத்திலிருந்தே நகருக்குள் ‘புளூ லைன்’ இரயில் இரவு பகலாக ஓடுகிறது. வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்கும் ஐந்தாம் முனையத்திலிருந்து கட்டணமில்லாச் சிறு இரயிலில் ஏறி அதனிடம் போக வேண்டும். புதிதாகச் செல்வோர் இதை அறிந்திருத்தல் நலம்.

மறுநாள் மிச்சிகன் ஏரிக்கரைக்குச் சென்றோம். அலை மோதுகிறது, மறுகரை தெரியவில்லை. கடலென்றே எண்ணிக் குனிந்து அள்ளி நாவில் வைத்தோம். உப்பில்லை! நகரத்தார் பருகுவது இந்நீரையே. நகரின் கழிவைச் சுமந்த ஆறு இதில் கலந்துவந்தமையால், கால்வாய் வெட்டி 1900இல் அவ்வாற்றையே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்களாம். கடலோரத்தில் பிறந்தும் குடிநீருக்குக் குடம் சுமந்து வளர்ந்த நாம் நெடுநேரம் அங்கேயே நின்றோம்.

திரும்பி நோக்கினால் 110 அடுக்குக் கரிய கோபுரம். வடிவம் தந்தவர் புரூஸ் கிரஹாம். அதை நிற்கச் செய்த பொறியாளர், 1929இல் டாக்காவில் பிறந்த மர்ஹூம் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அவர்கள். ஒன்பது சதுரக் குழல்களை நாணற்கட்டுப் போல் பிணைத்து, ஒன்றின் வலிமையால் மற்றொன்று காற்றைத் தாங்குமாறு அமைத்தார்கள். முதலில் அது சியர்ஸ் கோபுரம். 2009 முதல் வில்லிஸ் கோபுரம். வணிகர்களின் பெயர்கள் மாறி மாறி ஏறுகின்றன. கான் அவர்களின் பெயரை வாசலைக் கடப்போரில் எத்தனை பேர் அறிவார்களோ!

ஜித்தாவின் ஹஜ் முனையத்திலும் அவர்களின் உழைப்பு உண்டு. அதே ஜித்தாவில் 1982இல் வஃபாத்தானார்கள். ஜனாஸாவோ சிகாகோவுக்குக் கொண்டுவரப்பட்டு, கிரேஸ்லாந்து எனும் அடக்கத்தலத்தில் அடங்கியிருக்கிறது. கப்ரருகே நின்று ஸலாம் கூறித் துஆ கேட்டோம். மகன் ஆமீன் சொன்னான். பின்னர்ச் சற்றுத் தயங்கி, “வாப்பா, இவ்வூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் சரியென்றால் வாங்குவேன்” என்றான்.

ஒத்திகை பார்த்த சொற்களில் ஒன்றும் நாவுக்கு வரவில்லை. “தண்ணீர் நன்றாக இருக்கிறது” என்றோம்.

திரும்பும் நாளில் நம் பெட்டியில் ‘எம்.ஏ.ஏ.’ என ஒட்டினார்கள். சென்னை மதராஸாக இருந்த காலத்து எழுத்து அது. மகன் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்தான்.