நாலு லேப்டாப், ஒரே ஒரு காப்பி

முதல்லயே சொல்லிடறேன், இதில் யார் பேரும் வராது. பேர் போட்டா கேன்டீன்ல என்கூட யாரும் உட்கார மாட்டாங்க. சாஃப்ட்வேர் பேரும் கிளவுட் கம்பெனி பேரும்கூட வராது. அவங்க மேல தப்பு இல்லை. தப்பு என்னோடது.

எங்க ஃபைனல் இயர் பிராஜெக்ட், வாழைமட்டையில் இருந்து நார் எடுக்கிற மெஷின். டீம்ல நாலு பேர்: நான், என் ரூம்மேட், ஒரு டே ஸ்காலர் பொண்ணு, அப்புறம் டிப்ளமோ முடிச்சு ரெண்டாவது வருஷத்தில் வந்து சேர்ந்த எங்க ‘லேட்டரல்’. டிசைன் ஃபைல் எல்லாம் ஒரே ஷேர்டு ஃபோல்டர்ல. நாலு லேப்டாப்லயும் அது தானா சிங்க் ஆகிடும். “நாலு இடத்துல இருக்குடா, எங்க போயிடப் போகுது?”ன்னு முதல் ரிவ்யூ சமயத்தில் பெருமையா சொன்னது நான்தான்.

ரெண்டாவது ரிவ்யூ ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கள் சாயங்காலம் லேப் கம்ப்யூட்டர்ல அசெம்ப்ளி ஃபைலைத் திறந்தோம். திறக்கலை. லேப்ல இருக்கிறது ரெண்டு வருஷம் பழைய வெர்ஷன். புது வெர்ஷன்ல சேவ் பண்ணின ஃபைலைப் பழைய வெர்ஷன் தொடவே தொடாது. சரி, இது தெரிஞ்ச நோய்தான்னு ஹாஸ்டலுக்கு வந்து என் லேப்டாப்ல திறந்தோம். திறந்தது. ஆனா டிரம் இல்லை, பிளேடு இல்லை, ஃபீட் ரோலர் இல்லை. மோட்டாரும் ஃபிரேமும் மட்டும் அநாதையா நிக்குது. சைடுல இருக்கிற லிஸ்ட்ல வரிசையா கேள்விக்குறி.

ஃபைல் பேருக்குப் பக்கத்தில் குட்டி மேகப் படம் இருந்தா, அது உங்க லேப்டாப்ல இல்லை, வெறும் பெயர்ப்பலகை மட்டும் இருக்குன்னு அர்த்தம். நெட் இருந்தாத்தான் உண்மையான ஃபைல் இறங்கும். அதனால முதல் ஒரு மணி நேரம் ஹாஸ்டல் வைஃபையைத் திட்டினோம். ரூம்மேட் ஹாட்ஸ்பாட் போட்டான். அப்பவும் கேள்விக்குறி.

எனக்கு அப்போதான் வயித்துக்குள்ள என்னவோ புரண்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி என் லேப்டாப்ல இடம் இல்லாம சிவப்பு கோடு வந்தது. ஃபோல்டர்ல ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நிஜமாவே ஃபைனல்’ எல்லாம் இருந்தது. ‘பழசு’ன்னு ஒண்ணும் இருந்தது. பழசைத்தானே அழிக்கிறோம்னு அழிச்சேன். கிளவுட்லயும் இடம் நிறைஞ்சிருச்சுன்னு மெசேஜ் வந்துட்டே இருந்தது. குப்பைத்தொட்டியில் கிடக்கிறதும் கணக்கில் சேருமாம். அதையும் காலி பண்ணினேன். பல் தேய்ச்சுட்டு நிம்மதியா தூங்கினேன்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும், எனக்கும் தெரிஞ்சிருக்கணும். அசெம்ப்ளி ஃபைலுக்குள்ள பார்ட் எதுவும் இருக்காது. ‘டிரம் இந்த ஃபோல்டர்ல இருக்கு, பிளேடு அந்த ஃபோல்டர்ல இருக்கு’ன்னு முகவரி மட்டும்தான் இருக்கும். நாங்க அசெம்ப்ளியை மட்டும் காப்பி பண்ணிப் புதுப் பேர் வெச்சிருந்தோம். ‘நிஜமாவே ஃபைனல்’ அத்தனை நாளும் டிரம்மை ‘பழசு’ ஃபோல்டர்ல இருந்துதான் எடுத்துட்டு இருந்திருக்கு.

எல்லாம் புரிஞ்சும் நான் வாயைத் திறக்கலை. ரூம்மேட்டுக்கு எதையாவது ஒழுங்குபடுத்துற பழக்கம் உண்டு. “நீ எதாச்சும் நகர்த்தினியாடா?”ன்னு லேட்டரல் அவனைக் கேட்டான். “இல்லடா, சத்தியமா”ன்னு அவன் சொன்னான். நான் ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தேன்.

இந்த இடத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஒத்துக்கிட்டேன்.

டே ஸ்காலர் வியாழக்கிழமைக்கு அப்புறம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. அவங்க வீட்டு நெட் மெதுவா இருக்கும்னு ஃபோல்டர் முழுசையும் எப்பவும் லேப்டாப்லயே இருக்கிற மாதிரி வெச்சிருந்தா. அதாவது அந்த நேரத்தில் எங்க டிரம், பிளேடு, ரோலர் எல்லாம் பத்திரமா அவ பையில இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு அவளுக்குப் போன் போட்டோம். “திறந்து பாரேன், உன்கிட்ட இருக்கான்னு.” திறந்தா. “இருக்கே! எல்லாம் இருக்கு”ன்னு சொன்னா. ரூம்மேட் கத்தினான். அவ ஃபோல்டருக்குள்ள போறதுக்குள்ள லேப்டாப் வீட்டு வைஃபையைப் பிடிச்சுடுச்சு. “டேய், ஒவ்வொண்ணா போகுதுடா…” ரீசைக்கிள் பின்லயும் ஒண்ணும் இல்லை.

வைஃபையை அணைச்சுட்டுத் திறன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நான் அழிச்சுட்டேன்னு அரை மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா, எங்க நாலு பேர்ல யாருக்காவது அது தோணியிருக்கும். சிங்க்ங்கிறது பேக்கப் இல்லை. ஒருத்தன் அழிச்சா நாலு பேருக்கும் அழிச்சுக் கொடுக்கிற வேலையையும் அது சின்சியரா செய்யும். அது எனக்கு அப்போ தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா வாயை மூடிட்டு இருந்ததுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

பதினொரு மணிக்குச் சொன்னேன். ரூம்மேட் ஒண்ணும் சொல்லாம எழுந்து வெளியே போயிட்டான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பின்னாடி ஒரு சிஎஸ்இ ஃபிரெண்ட் கிட்லேப் கம்பெனி கதையைச் சொன்னான். 2017 ஜனவரி 31 அன்னைக்கு அங்க ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டார். நிறுத்துறதுக்குள்ள சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினமும் நடக்க வேண்டிய பேக்கப்பைத் தேடினா, அது நடக்கவே இல்லை. பேக்கப் எடுக்கிற டூல் ஒரு வெர்ஷன், டேட்டாபேஸ் வேற வெர்ஷன் (எங்க லேப் மாதிரியே!). ஃபெயில் ஆச்சுன்னு அனுப்பின மெயிலும் போய்ச் சேரலை. சுமார் ஆறு மணி நேரம் முன்னாடி வேற ஒரு வேலைக்காக எடுத்து வெச்சிருந்த காப்பிதான் காப்பாத்துச்சு. எனக்கு அதைவிட ஆச்சரியம் வேற. என்ன அழிஞ்சது, எப்படி மீட்கிறோம்னு அவங்க ஊர் பார்க்கவே எழுதிட்டு இருந்தாங்க, யூட்யூப்ல லைவ் கூடப் போட்டாங்க. நான் பத்தடி ரூமுக்குள்ள மூணு பேர்கிட்ட சொல்ல ஒண்ணரை மணி நேரம் எடுத்துக்கிட்டேன்.

எங்களைக் காப்பாத்தினது ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணன். மூணு வாரம் முன்னாடி கொட்டேஷன் கேட்டு முழு அசெம்ப்ளியையும் ஸ்டெப் ஃபைலா மாத்தி அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தோம். எங்க போன்ல எல்லாம் டிஸப்பியரிங் மெசேஜ், மீடியா கிளீன் அப்னு ஆயிரம் புத்திசாலித்தனம், அதனால காணோம். அவர் காலையிலேயே கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சிருந்ததை மெயில் பண்ணிட்டார். டாய் ஸ்டோரி 2 படத்துக்கும் இப்படித்தான் ஆச்சு. 1998-ல் ஃபைல் எல்லாம் அழிஞ்சு, பேக்கப்பும் கைவிட்டப்போ, குழந்தை பிறந்ததால வீட்டில் இருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் வீட்டு கம்ப்யூட்டர்ல காப்பி இருந்தது. போர்வை சுத்தி கார்ல கொண்டுவந்தாங்களாம். எங்களுக்குப் போர்வை தேவைப்படலை.

ஸ்டெப் ஃபைல் எந்த சாஃப்ட்வேர்லயும், எந்த வெர்ஷன்லயும் பெரும்பாலும் திறக்கும். அதுக்கு ஒரு விலை உண்டு. உருவம் வரும், வரலாறு வராது. எந்த ஸ்கெட்ச்ல இருந்து எதை இழுத்தோம், எந்த அளவை மாத்தினா எது மாறும், எதுவும் இருக்காது. செதுக்கி முடிச்ச கல்லு மாதிரி. அதோட அந்த மூணு வாரத்தில் நாங்க மாத்தினதும் அதில் இல்லை.

அதுக்கு லேட்டரலோட நோட்டு வந்தது. நாங்க அவனை அந்த நோட்டுக்காகக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. “கிளவுட் காலத்துல நோட்டாடா?”ன்னு நானே கேட்டிருக்கேன். இன்டஸ்ட்ரியல் விசிட் போனப்போ நாங்க செல்ஃபி எடுத்தோம், அவன் மெஷின் ஓட்டுற அக்காகிட்ட பேசிட்டு இருந்தான். நோட்டுல தமிழ்ல, பென்சில்ல: ‘இடைவெளி குறைஞ்சா நார் அறுந்துடும். கூடினா சதை ஒட்டிக்கும். அக்கா கையால மட்டையைத் தடவிப் பார்த்து மாத்துறாங்க. அட்ஜஸ்ட் பண்ற மாதிரி வை.’ கீழே ஷாஃப்ட் 30, பேரிங் 6206, டிரம் 300, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி. எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம் நான். அவன் கூட்டெழுத்தைப் படிக்கத் திணறினேன். அவன் வாசிக்க, நான் டைப் பண்ண, ரெண்டு ராத்திரி. எங்க ஒரிஜினல் ஃபைல் இருந்திருந்தாலும், அந்த இடைவெளி ஏன் அப்படின்னு அதில் எங்கேயும் எழுதியிருக்காது.

சார் வியாழக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்தார். மார்க் குறைஞ்சது. குறைக்க வேண்டியதுதான்.

இப்போ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரூம்மேட் அசெம்ப்ளியையும் அது கூப்பிடுற எல்லா பார்ட்டையும் சேர்த்து ஒரே ஜிப்பா கட்டுவான் (எல்லா டிசைன் சாஃப்ட்வேர்லயும் அதுக்கு ஏதோ ஒரு பேர்ல ஒரு பட்டன் இருக்கும், தேடுங்க). பேர்ல தேதி மட்டும், ‘ஃபைனல்’ங்கிற வார்த்தைக்கே தடை. ஒண்ணு எங்க பென் டிரைவ்ல, ஒண்ணு டே ஸ்காலர் வீட்டு ஹார்ட் டிஸ்க்ல. அது முழு நேரமும் கழட்டியேதான் இருக்கும். திங்கள்கிழமை எங்களோடது அல்லாத ஒரு லேப்டாப்ல அந்த ஜிப்பைத் திறந்து பார்க்கிறது என் வேலை. இதுவரை ரெண்டு தடவை திறக்கலை. அழிக்கிற உரிமை மட்டும் எனக்கு இன்னும் திரும்பி வரலை; கேட்கவும் இல்லை.

போன வாரம் ஒர்க்‌ஷாப் அண்ணன் போன் பண்ணினார். “தம்பி, சிஸ்டம்ல இடமே இல்ல. உங்க ஃபைல் ஒண்ணு கிடக்குது, அழிச்சிரட்டா?”

“அண்ணே, கையை எடுங்க. இதோ வரேன்”னு பென் டிரைவை எடுத்துட்டு ஓடினேன்.