ஊறல் வாடை

திருவாரூரில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்லமாட்டார்கள். "நேரா போங்க, மூக்கப் பொத்திக்கணும்னு தோணுற எடத்துல திரும்புங்க" என்பார்கள். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில். புழுங்கலுக்கான நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டால், அந்தப் புளித்த வாடை சாக்கடையோடு தெரு முழுக்க நடந்துபோகும். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவன்தான் பாவம்.

விடியுமுன்பே அவியல் ஆரம்பித்துவிடும். உமி எரிகிற புகை, வெந்த நெல்லின் இனிப்பான ஆவி, அதை ஒட்டிக்கொண்டு பெல்ட் சுற்றும் தடதடப்பு, அந்தச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகியதால் கோயிலில்கூடக் கத்தியே சாமி கும்பிடுகிற பாய்லர்காரர், கரி படிந்த அவர் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் சிரிப்பது என்று எல்லாமே வரிசையாக என் போர்வைக்குள் வந்துவிடும். வெளிச்சம் வந்ததும் களத்தில் பெண்கள் நெல்லைப் பரப்பி, புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பாதத்தாலேயே கோடு கோடாகக் கிளறிக்கொண்டு நடப்பார்கள். அவர்களில் ஒருவரை அத்தை என்று கூப்பிடுவேன். "இஞ்ச வா தம்பி" என்று என் டிராயர் பைக்குள் ஒரு பிடி நெல்லைச் சூட்டோடு திணிப்பார். தொடை வெந்தாலும் சத்தம் போடக்கூடாது, மேஸ்திரி பார்த்துவிடுவார்.

அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுப்பார். அதன் குழிவில் வந்த நெல்லில் ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. நச்சென்று நசுங்கினால் ஈரம், விலை இறங்கும். அந்த ஒரு கடிக்காக மிராசுதாரர்கூடக் கைகட்டி நிற்பதைத் தராசுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நானும் ஒன்றைக் கடித்துவிட்டு, எப்படி உடைந்தாலும் "ஈரம்!" என்று தீர்ப்புச் சொல்வேன். "சின்னக் கணக்கப்புள்ள, கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்று கெஞ்சுவார் வண்டிக்காரர். பின்னாளில் ஜட்ஜாக உட்கார்ந்திருந்தபோது, நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலா கீழா என்று இரண்டு வக்கீல்கள் அரைநாள் வாதாடினார்கள். மேஜைமேல் இருந்த சாம்பிள் பொட்டலத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பல் துறுதுறுத்தது.

ஜட்ஜ் என்கிற சொல்லே அப்பா வாயிலிருந்து வந்ததுதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர், சிறுவயதில் இதே திருவாரூரில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, ஜட்ஜ் ஆவதற்கு மாதம் ஒரு ரூபாய் கொடு என்று அப்பாவையே அரித்தேன். ஒரு மாதம் கிடைத்தது.

1966 வாக்கில் ஆடுதுறை 27 வந்தது. திருச்சி வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் சனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். நெல் குவிந்தது நிஜம். ஆனால் குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்து, மூட்டைக்குள்ளேயே வெள்ளை முளை எட்டிப்பார்த்தது. அப்பா கடிக்காமலே உதட்டைப் பிதுக்கினார். ஊரில் கூட்டுறவுக்காரர்களின் நவீன அரிசி ஆலை எழும்பியது; 1967இல் அந்த வளாகத்திலேயே நெல் பதன ஆராய்ச்சி நிலையமும் வந்து, நனைந்த நெல்லோடு உப்பும் உமியும் கலந்து சோதனை நடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். வெந்நீரில் ஊறவைத்தால் மூன்று நாள் வேலை மூன்று நாலு மணி நேரத்தில் முடியும், வாடையும் வராது. காயவைக்கவும் மிஷின். ஊர் மூக்குக்கு நல்லதுதான். களத்தில் நடந்த கால்கள் எங்கே போயின என்று யாரும் கணக்கெழுதவில்லை. அத்தை சில நாள் மில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு நடவுக்குப் போக ஆரம்பித்தார்.

அந்த மாற்றங்களிலேயே பெரிசு என்று நான் நினைத்தது 1970இல் ஆழித்தேர் மறுபடி ஓடியதைத்தான். பல வருஷம் நிலையிலேயே நின்ற தேருக்குத் திருவெறும்பூர் பெல் கம்பெனிக்காரர்கள் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பூட்டினார்கள். வடத்தின் மண்வாசனை, கற்பூரம், வெயிலில் கரகரக்கும் சக்கரம். அப்பாயியை இடுக்கில் நுழைத்துக் கூட்டிப்போய், பிரேக் எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாத விஞ்ஞானத்தையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தேர் முக்கில் நின்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பிரேக்கு புடிச்சா நிக்கிற சாமிய இப்பத்தான்டா பாக்குறேன். சரி, தாகமா இருக்கு, பானகம் வாங்கியா."