லெஃப்ட் ஹாஃப்

ஹாக்கி மட்டைக்கு ஒரு முகம்தான் தட்டை. மறுமுகம் உருண்டிருக்கும், அதில் பந்து பட்டால் விசில். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டையும் கிடையாது. அதனால் வலப்பக்கம் எல்லாருக்கும் சுலபம், இடப்பக்கம் கஷ்டம். பதினெட்டு வருஷம் நான் நின்றது அந்த இடப்பக்கத்தில், லெஃப்ட் ஹாஃபாக.

எதிரணி ரைட் அவுட் கோட்டை ஒட்டிப் பாய்ந்து வருவான். அவனுக்கு வாகான வலப்பக்கம் எனக்கு இடப்பக்கம். புதிதாக ஆட வந்தவன் மட்டையைக் கவிழ்த்து எட்டித் தட்டப் பார்ப்பான். தவறினால் ஆள் தாண்டிப் போய்விடுவான். அவன் நெருங்குமுன்பே இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்து, கோட்டு வழியை உடம்பால் அடைத்துவிட வேண்டும். வேறு வழியில்லாமல் உள்ளே திரும்புவான். பந்து என் மட்டையின் தட்டை முகத்துக்கு நேராக வரும். கைக்கு வேலை கடைசி நொடியில் மட்டும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது தறி. சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு, கூடத்திலேயே குழித்தறி. பார்க்க வருகிறவர்கள் கண் நாடாவின் மேலும் ஜரிகையின் மேலும்தான் இருக்கும். குழிக்குள் கால் மிதி மாற்றுவது யாருக்கும் தெரியாது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். கரை ஓரமாக ஓர் ஆள் துணைக்கு உட்கார வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அந்த இடம் எனக்கு. அப்பா கையைப் பார்க்கவே மாட்டேன். மிதிச் சத்தத்தைக் கேட்டே நாடாவை விடுவேன். பிற்பாடு மைதானத்தில், ரைட் அவுட்டின் மட்டையை விட்டுவிட்டு அவன் கால் மண்ணில் விழுகிற விதத்தைக் கவனித்தது அந்தப் பழக்கத்தால்தான்.

ஆரணியும் பட்டு நெய்கிற ஊர். அங்கே பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் ஆடியதும் லெஃப்ட் ஹாஃப் இடத்தில்தான். 1976-இல் மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. இந்திய அணியில் அவர் இருந்தார், இந்தியாவுக்கு ஏழாம் இடம். நான்கு வருஷம் கழித்து மாஸ்கோவில் அவரே கேப்டன். இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம். சுரீந்தர் சிங் சோதி இரண்டு, கௌஷிக் ஒன்று, முகமது ஷாஹித் ஒன்று. கேப்டன் பெயர் கோல் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பெருமைதான்.

ஹாக்கியைப் போல அயர்லாந்திலும் ஹர்லிங் என்றொரு மட்டை ஆட்டம் உண்டு. மட்டைக்கு இரு முகமும் உதவும், பந்தைக் கையிலும் பிடிக்கலாம். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிறந்த வட்டாரத்துக்காக ஆடுகிறார்கள். கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்லின் வங்கி வேலை பார்த்துக்கொண்டே பத்து முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். 2007 இறுதிப் போட்டியில் ஒரு முழங்கால் தசைநார் அறுந்தது, 2010-இல் மறுபடியும். அதற்குப் பிறகும் மூன்று பட்டம். சம்பளம் இல்லாத ஆட்டத்துக்கு அவர் ஏன் திரும்பி வந்தார் என்று என்னைக் கேட்க வேண்டாம். எனக்கும் கணுக்கால் பிசகியது. கட்டுப் போட்ட காலோடு மிதி மிதித்தேன், ஆறாம் வாரம் மைதானத்தில் நின்றேன்.

ஹர்லிங் மட்டை ஆஷ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து வருகிறது. நம் பழைய மட்டைகள் முசுக்கொட்டை மரம். அதன் இலையைத் தின்றுதான் பட்டுப்புழு நூல் கக்குகிறது. பகலில் அதன் பட்டு, மாலையில் அதன் கட்டை என்று என் கை இருந்திருக்கிறது. இன்றைய மட்டைகள் கார்பன் இழை. அடி பலம்தான், ஆனால் பந்து படும்போது மரம் உள்ளங்கைக்குச் சொல்லும் சேதி அதில் வருவதில்லை.

ஞாயிறு காலையில் என்னிடம் ஹாக்கி கற்கச் சில பிள்ளைகள் வருகிறார்கள். முதல் மாதம் யாருக்கும் மட்டை தருவதில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே ஓடி வருகிறவனைக் கோட்டுப் பக்கம் விடாமல் காலாலேயே மறிக்க வேண்டும். போன வாரம் ஒரு பையன் சிணுங்கினான், “அண்ணா, எப்போ மட்டை தருவீங்க?” அடுத்த ஓட்டத்தில் அவனாகவே இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தான். எதிரே வந்தவன் உள்ளே திரும்பினான். நான் போய் மட்டையை எடுத்து வந்தேன்.