எட்டுக் கோழிக்கு ஒரு குப்பி

தென்னேரியில் அறுவடை முடிந்திருந்தது. சங்ககாலத் தொண்டைமான் இளந்திரையன் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரிய ஏரி இது. அதன் பாசனக் கழனிகளில் கதிர் அறுத்த தாளடிக்கு நடுவே கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. சிந்திய நெல், புழு, வெட்டுக்கிளி எல்லாம் கிடைக்கும்போது தீவனச் செலவு என்று தனியாக ஏது?

பகலில் தெருவில் தென்படுபவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். இளவட்டங்களை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. பட்டுத்தறி ஓடும் ஒரு வீட்டு வாசற்படியில் குறுக்கே பலகை வைத்திருந்தார்கள். பாவில் கோழி ஏறி இழை அறுந்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அன்றைய கூலி போச்சு. அந்தப் பலகையைத் தாண்டியே தீருவது என்று ஒரு சேவல் முயன்றுகொண்டிருந்தது.

நான் போய் உட்கார்ந்தது அடுத்த தெருவில், ஓர் அம்மாவின் வீட்டில். எட்டுக் கோழி, ஒரு சேவல், சில குஞ்சுகள். வேலியோரம் ஒரு மண்பானை கவிழ்ந்திருந்தது. உள்ளே கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைச் செத்தை. சாயங்காலம் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்தால் காலையில் கரையான் அப்பியிருக்கும். வெயில் ஏறியும் அன்று அதை எடுக்காமல் வைத்திருந்தார், எனக்குக் காட்டுவதற்காகவே. பானையைத் தூக்கித் தட்டினார். தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்க, குஞ்சுகள் ஓடிவந்து மொய்த்தன. தரையைத் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதம், காசில்லாமல்.

"முட்டை வீட்டுக்கா, விக்கிறதுக்காம்மா?"

"விக்கிறதுதான் தம்பி. நாட்டு முட்டை ஒண்ணு 15 ரூபாய்க்குப் போவுது. அந்தக் காசுல ரெண்டு வெள்ளை முட்டை வாங்கிப் பேரனுக்குக் குடுத்துடுவேன்."

கணக்கு சரிதான். நாட்டு முட்டையைவிடப் பண்ணை முட்டை பெரியது. புரதத்தில் குறைச்சல் இல்லை. நாட்டு முட்டையின் மகிமை பேசும் நகரத்துக்காரர்கள்தான் அவருக்கு அந்த விலையைக் கொடுக்கிறார்கள், பேசட்டும். பேரனுக்குப் பள்ளிக்கூடத்திலும் முட்டை உண்டு. சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. "நீங்க சாப்பிடறது?" என்றேன். "எனக்கு எதுக்குப்பா முட்டை?" என்று சிரித்தார். கோழிக்காசில் மகன்கூடக் கை வைக்க முடியாது என்று சொன்ன அதே அம்மா.

கோழி கொடுத்தால் வறுமை தீரும் என்ற யோசனை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. 2016இல் பில் கேட்ஸ் ஏழை நாடுகளுக்கு ஒரு லட்சம் கோழி தருவதாக அறிவித்தார். பொலிவியா ரோஷப்பட்டு வேண்டாம் என்றது. தமிழக அரசும் ஏழைப் பெண்களுக்கு, ஒன்றியத்துக்கு 100 பேர் என்று, நான்கு வாரக் குஞ்சுகள் 40ஐ 50 சதவீத மானியத்தில் கொடுக்கும் திட்டம் போட்டது. நல்ல காரியம்தான். ஆனால் குஞ்சு கிடைப்பதா இங்கே பிரச்சினை? அடை வைத்தால் 21ஆம் நாள் கோழியே பொரித்துத் தருகிறது. போன கோடையில் இந்த வீட்டில் இருந்தவை இருபதுக்கு மேல். வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் மூன்று மிஞ்சின. பருந்தும் கீரியும் ஒன்றொன்றாகத்தான் தூக்கும். கழிச்சல் கூண்டையே காலி செய்யும்.

மருந்து இல்லாமல் இல்லை. பக்கத்து ராணிப்பேட்டையிலேயே அரசு நிலையம் தடுப்பூசி தயாரிக்கிறது. பிப்ரவரியில் இருவார முகாம், சனிக்கிழமைகளில் கால்நடை மருந்தகத்தில் இலவச ஊசி. சிக்கல் குப்பியில் இருக்கிறது. ஒரு குப்பி 100 கோழிக்கானது. குளிர்ச்சி போகாமல் வர வேண்டும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவருக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? தெருவே ஒன்றுசேர்ந்தால்தான் கட்டுபடியாகும். ஊசியே இல்லாமல் குருணையாகத் தின்னக் கொடுக்கும் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. என்னைக் கேட்டால் குஞ்சு கொடுக்கும் முன் மகளிர் குழுக்கள் கையில் அதைக் கொடுக்க வேண்டும்.

பேச்சைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவரிடம் பன்னிரண்டு. சனிக்கிழமை கூடையில் போட்டு எடுத்துப்போகலாமா என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டையும் சேர்த்தால் முப்பது தேறும் என்று கணக்குப் போட்டார்கள்.

"ஊசி போடறவங்களையே இங்க வரச் சொல்லுங்க தம்பி" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஆனா பொழுது சாய்ஞ்சப்புறம் வரச் சொல்லுங்க. பகல்ல கோழி யார் கைக்குச் சிக்கும்?"