வால்பாறை மழையும் பீரோவுக்குப் பின்னால் பூசணமும்

பொள்ளாச்சியில் பஸ் ஏறும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஏறி முடிப்பதற்குள் எல்லோரும் ஜன்னல் ஷட்டரை இறக்கி விட்டார்கள். அப்படி ஒரு சாரல்! வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை லேசில் விடாது. அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. தேயிலைக்கு இது அமிர்தம். அங்கே குடித்தனம் பண்ணுகிறவளுக்கு?

என் அக்கா மகள் அங்கே ஓர் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். "வாங்க சித்தி" என்று கதவைத் திறந்ததுமே பூசண வாடை மூக்கில் ஏறியது. ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி. அதில் குழந்தைத் துணி. கீழே கரி அடுப்பு. குளிர் வரக்கூடாது என்று ஜன்னல் இடுக்கில்கூடத் துணி அடைத்திருந்தாள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கோ ராத்திரியானால் இருமல், இளைப்பு. டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "படுக்கிற அறையில் ஈரம் இருக்கிறதா, பாருங்கள்" என்றாராம்.

பார்த்தோம். பீரோவை நகர்த்தியதும் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். வெள்ளையடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை!

ஈரமெல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறோம். நன்றாகப் பிழிந்த ஒரு வாளித் துணியிலும் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும். வீட்டுக்குள் காய்ந்தால் அது எங்கே போகும்? சோறு கொதிக்கிற ஆவி, வெந்நீர் ஆவி எல்லாம் சேர்ந்து, குளிர்ந்த சுவரில் வேர்த்து நிற்கும். காற்றுப் புகாத பீரோ மறைவுதான் பூசணத்துக்குத் தாய்வீடு. அதன்மேல் வண்ணம் அடிப்பது அழுக்குத் தலைக்குப் பூ வைப்பது மாதிரிதான்! ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இளைப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2009-ல் சொல்லியிருக்கிறது.

பக்கத்து லைன் வீட்டுப் பாட்டி கொழுந்து பறித்தே வயதானவர். அவர் துணியை முதலில் வாசல் தாழ்வாரத்தில், காற்று வீசுகிற பக்கமாகப் போடுகிறார். சொட்டு நின்று முக்கால் ஈரம் போன பிறகுதான் சமையலறைப் புகைபோக்கிப் பக்கம். மழை சற்று ஓய்ந்தால் முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து விடுகிறார். "வெளிக்காற்றும் ஈரம்தானே, பாட்டி?" என்றேன். "அது குளுந்த காத்தும்மா. உள்ளே வந்து சூடானா ஈரத்தை இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றார். விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது!

கரி அடுப்பை அன்றே வெளியே வைத்தோம். மூடிய அறையில் அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்து விடும். இளைப்புள்ள குழந்தைக்குச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வேறு அறையில் படுக்கை போட்டோம். பூசணத்தை விளக்குமாற்றால் தட்டினால் தூள் வீடெங்கும் பறக்கும் என்பதால், மூக்கில் துணி கட்டி, கைக்கு உறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காய விட்டோம். பிளீச்சிங் பவுடர் உபயோகிக்கிற சகோதரிகள் அதோடு ஆசிட்டோ வினிகரோ சேர்த்து விடாதீர்கள். விஷப் புகை வரும். பீரோவை இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறாள்.

அலமாரியில் நிலக்கடலையும் பூத்திருந்தது. "துடைச்சு வறுத்துடலாமா, சித்தி?" என்றாள். கூடவே கூடாது! அந்த நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஈரலைக் கெடுக்கும். குப்பையில் கொட்டினோம். பட்டுப் புடவையில் லேசாகத்தான் பூத்திருந்தது. தாழ்வாரத்தில் உதறிக் காற்றாட விட்டதில் பிழைத்தது.

பத்து நாள் இருந்தேன். குழந்தையின் ராத்திரி இருமல் குறைந்திருந்தது. மருந்தை டாக்டர் இன்னும் நிறுத்தவில்லை. மேற்குச் சுவரில் மட்டும் புள்ளிகள் மறுபடி தலைகாட்டின. அங்கே கூரையில் ஓர் ஓடு விரிந்து தண்ணீர் இறங்குகிறது. மழை விட்டதும் முதல் வேலையாக அதை மாற்றிவிட்டு, சுவர் காய்ந்த பிறகே வெள்ளையடிப்பது என்று வைத்திருக்கிறாள்.